எண்பது பிரதிகளும் ஓர் ஆசிரியரும்
(பத்திரிகையாளர் ஜி. சுப்பிரமணிய ஐயர் வாழ்க்கை வரலாறு)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் பெரியோர். நீந்தும் விதத்தை நூறு பக்கம் படித்தாலும் குளத்தில் இறங்காதவர் நீந்த மாட்டார். சமையற் புத்தகத்தை மனப்பாடம் செய்தாலும் அடுப்பை மூட்டாதவர் சோறு வடிக்க மாட்டார். பத்திரிகைத் தொழிலும் அத்தகையதே. செய்தியைத் தேடிச் சென்று, உண்மையா என்று விசாரித்து, எழுதி, திருத்தி, அச்சேற்றி, குறித்த நாளில் வாசகர் கையில் கொண்டு போய்ச் சேர்ப்பதனால்தான் அத்தொழில் கைவரும்.

இன்று பத்திரிகைக் கலையைக் கற்பிக்கப் பல கல்லூரிகள் உள்ளன. மாணவர்களே நிருபர்களாகவும் துணையாசிரியர்களாகவும் இருந்து இதழ் நடத்திப் பழகும் செய்திக் கூடங்களும் உள்ளன. இவை எவையும் இல்லாத காலத்தில், சென்னைத் திருவல்லிக்கேணியில் இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்து தாமே ஒரு பத்திரிகை தொடங்கி, அதை நடத்தியே அத்தொழிலைக் கற்றுக்கொண்டனர். அந்த அறுவருக்கும் முன்னின்றவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலத்தில் 'தி ஹிந்து'வையும் தமிழில் 'சுதேசமித்திர'னையும் நாட்டுக்கு அளித்த அப்பெருமகனாரின் வாழ்க்கையை இம்மலர் வாயிலாக நாம் சற்றே அறிந்துகொள்வோம்.

இளமையும் கல்வியும்

சுப்பிரமணிய ஐயர் 1855-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19-ஆம் நாள் தஞ்சை மாவட்டம் திருவையாற்றில் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர், நீதிமன்றத்தில் வழக்காடும் தொழில் செய்தவர். தியாகராச சுவாமிகள் வாழ்ந்து மறைந்த ஊர் திருவையாறு. இசைக்கும் சமய நெறிக்கும் பேர்பெற்ற அவ்வூரிலிருந்து, அரசியலுக்கும் சமூகச் சீர்திருத்தத்திற்கும் எழுதுகோல் ஏந்திய ஒருவர் தோன்றினார்.

தஞ்சையிலிருந்த தூய பேதுரு கல்லூரியில் அவர் பயின்றார். பின்னர் சென்னைக்கு வந்து 1874, 1875-ஆம் ஆண்டுகளில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். முதலில் ஸ்காத்லாந்துத் திருச்சபையார் நடத்திய பள்ளியிலும், அதன்பின் பச்சையப்பன் கல்வி நிலையத்திலும் ஆசிரியராகப் பணியாற்றினார். பணியில் இருந்துகொண்டே தனித்தேர்வராகப் படித்து 1877-இல் பி.ஏ. பட்டமும் பெற்றார். பகலில் பிறருக்குப் பாடம் சொல்லி, எஞ்சிய நேரத்தில் தாம் பாடம் படித்த இந்தப் பழக்கமே, பின்னாளில் பகலில் பள்ளியும் இரவில் பத்திரிகையுமாக வாழ அவருக்குக் கைகொடுத்தது எனலாம்.

அக்காலத்தில் படித்த இளைஞர்கள் கூடிப் பேசுவதற்குத் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கம் இடமாக இருந்தது. சுப்பிரமணிய ஐயரும் அவருடைய நண்பரும் உடன் பணியாற்றிய ஆசிரியருமான மு. வீரராகவாச்சாரியாரும் அதில் கலந்துகொண்டனர். சட்டம் பயின்றுகொண்டிருந்த டி. டி. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு ஆகிய நால்வரும் அவர்களோடு பழகினர். பேச்சோடு நின்றிருந்தால் இவர்களுடைய பெயர்களை இன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். பேச்சைச் செயலாக்க ஒரு வாய்ப்பு 1878-ஆம் ஆண்டில் வந்தது.

ஒரு நீதிபதியும் ஆறு இளைஞர்களும்

அவ்வாண்டில் தி. முத்துசுவாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. தஞ்சை மாவட்டத்தில் வறிய குடும்பத்தில் பிறந்து, உழைப்பினால் மட்டுமே உயர்ந்தவர் அவர். அந்நியமனம் தமிழ் மக்களுக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் ஆங்கிலேயர் நடத்திய சென்னைப் பத்திரிகைகளுக்கு அது பிடிக்கவில்லை. இந்தியர் ஒருவரை அவ்வளவு உயர்ந்த இருக்கையில் அமர்த்தலாமா என்று அவை குறைகூறி எழுதின.

அதற்கு மறுமொழி சொல்ல வேண்டும். ஆனால் எங்கே சொல்வது? சென்னையில் செல்வாக்குடன் விளங்கிய ஆங்கில நாளிதழ்கள் ஆங்கிலேயர் கையில் இருந்தன. இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கோ அதே 1878-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லிட்டன் பிரபுவின் அரசு ஒரு கடுமையான சட்டம் கொண்டுவந்து வாய்ப்பூட்டுப் போட்டிருந்தது. அச்சட்டம் ஆங்கில இதழ்களைக் கட்டுப்படுத்தவில்லை. கல்கத்தாவில் வங்கமொழியில் வெளிவந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' அச்சட்டத்திலிருந்து தப்புவதற்காகவே ஆங்கில இதழாக மாறியது.

ஆறு இளைஞர்களும் கூடி ஆலோசித்தனர். பிறர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, நாமே ஒரு பத்திரிகை தொடங்கினால் என்ன என்ற முடிவுக்கு வந்தனர். சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23, வீரராகவாச்சாரியாருக்கு 21. கையில் பணமில்லை, அச்சகமில்லை, அனுபவமும் இல்லை. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாகப் பெற்றனர். இன்றைய கணக்கில் அது ஒரு ரூபாய் எழுபத்தைந்து காசு. தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது பிரதிகள் அச்சிட்டனர். 1878-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் 'தி ஹிந்து' வார இதழ் பிறந்தது.

எண்பது பிரதிகள்! நம் பள்ளியில் இரண்டு வகுப்பு மாணவியருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் தீர்ந்துவிடும். நாடு முழுவதும் அறிந்த நாளிதழ் ஒன்றின் தொடக்கம் அவ்வளவுதான்.

வேலையே வகுப்பறை

அந்நாளில் ஓர் இதழை வெளியிடுவது எத்தகைய வேலை என்பதை இன்றைய மாணவியர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போது கணிப்பொறியில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பிழை கண்டால் ஒரு நொடியில் திருத்தலாம். அன்றோ ஈயத்தால் வார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வரிசையாகக் கோக்க வேண்டும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திரும்பி இருக்கும். ஒரு பக்கம் கோத்து முடித்ததும் மையிட்டு ஒரு தாளில் படியெடுத்துப் பிழை பார்ப்பர். ஒரு சொல் விட்டுப் போயிருந்தால் அந்தப் பத்தி முழுவதையும் தளர்த்தி மறுபடியும் கோக்க நேரலாம். ஆகவே எழுதுபவர் எண்ணி எழுத வேண்டும். இடம் எவ்வளவோ அவ்வளவுக்குள் சொல்ல வேண்டும். அச்சகத்தார் கேட்கும் நேரத்தில் கட்டுரை தயாராக இருக்க வேண்டும்.

இவற்றை அந்த அறுவருக்கும் யாரும் வகுப்பில் கற்பிக்கவில்லை. ஒவ்வொரு வார இதழும் ஒரு பாடமாயிற்று. சொந்த அச்சகம் இல்லாமையால் தொடக்க ஆண்டுகளில் ஓர் அச்சகத்திலிருந்து மற்றோர் அச்சகத்திற்கு மாற வேண்டியிருந்தது. அதுவும் ஒரு பாடமே.

விரைவில் ஒரு சோதனை வந்தது. சட்ட மாணவர்கள் படிப்பை முடித்தனர். வழக்கறிஞர் தொழிலை நாடிப் பிரிந்தனர். சுப்பாராவ் பந்துலு இராஜமுந்திரிக்குச் சென்று அங்கே புகழ்பெற்றார். அறுவரில் மிஞ்சியவர் இருவரே. சுப்பிரமணிய ஐயர் ஆசிரியப் பொறுப்பையும், வீரராகவாச்சாரியார் நிருவாகத்தையும் தாங்கினர். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உற்சாகமாகத் தொடங்கப்பெறும் இதழ்கள் பல, தொடங்கியவர்கள் தேர்வெழுதிப் போனதும் நின்றுவிடுவதை நாம் காண்கிறோம். 'தி ஹிந்து' நிற்காமைக்குக் காரணம், இருவர் போகாமல் இருந்ததுதான். தொடங்குவது உற்சாகத்தின் வேலை. தொடர்வது பொறுமையின் வேலை.

1883-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இதழ் வாரம் மும்முறை வெளிவரத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மவுண்ட் ரோடு என்று அன்று வழங்கிய இன்றைய அண்ணா சாலையில் தனக்கென ஓர் இடமும் அச்சகமும் பெற்றது. 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நாளிதழாக வளர்ந்தது. எண்பது பிரதிகளிலிருந்து இந்த நிலையை அடையப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின.

செய்தியிலிருந்து செயலுக்கு

1882-இல் சேலத்தில் நடந்த கலகத்தை ஒட்டிப் பலர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் சி. விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். அவர் தளராது வாதாடிக் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். இத்தகைய வழக்குகளில் அரசின் போக்கை 'தி ஹிந்து' அஞ்சாது விமரிசித்தது. ஆளுநரைக் குறைகூறி எழுதுவது அந்நாளில் சிறிய காரியமன்று. வெறும் சினத்தினால் எழுதினால் வழக்கு வரும். ஆதாரத்தோடு எழுதினால் அரசே மறுமொழி சொல்ல வேண்டிவரும். ஆதாரத்தின் அருமையை இளம் ஆசிரியர்கள் இவ்வாறு உணர்ந்தனர்.

1884-ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபை தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் முக்கியமானவர்கள். அடுத்த ஆண்டு, 1885 டிசம்பர்த் திங்களில், பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு 72 பிரதிநிதிகளுடன் கூடியது. இந்திய ஆட்சிமுறையை ஆராய ஒரு விசாரணைக் குழு வேண்டும் என்பது அதன் முதல் தீர்மானம். அந்த முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் திருவையாற்றில் பிறந்த நம் ஆசிரியரே. அப்போது அவருக்கு வயது 30. அரசைக் குறைகூறியதோடு நில்லாமல், விசாரித்து உண்மையை அறியுங்கள் என்று கேட்ட அத்தீர்மானத்தில் ஒரு பத்திரிகையாளரின் மனப்பாங்கு தெரிகிறது அல்லவா?

1897-இல் இலண்டன் மாநகருக்குச் சென்று, இந்தியாவின் வரவு செலவை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரைப் போன்று அவரும் சாட்சியம் அளித்தார். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவின் பொருளாதார நிலையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1903-இல் வெளிவந்தது.

தாய்மொழிக்கு ஓர் இதழ்

ஆங்கிலம் அறிந்தவர் நாட்டில் எத்தனை பேர்? திருவல்லிக்கேணியில் சிலர், மயிலாப்பூரில் சிலர். நெல் விளைவிக்கும் உழவருக்கும், தறி நெய்யும் நெசவாளருக்கும், வீட்டில் அடைபட்டுக் கிடந்த பெண்களுக்கும் 'தி ஹிந்து' எப்படிப் போய்ச் சேரும்? இந்தக் கேள்விக்கு விடையாக 1882-ஆம் ஆண்டு சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். லிட்டன் பிரபுவின் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் நீக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

தமிழில் அரசியலும் பொருளாதாரமும் எழுதுவது அப்போது எளிதாக இல்லை. காப்பியத்திற்கும் பக்திப் பாடலுக்கும் குறைவில்லாத நம் மொழியில், வரவு செலவுத் திட்டத்தையும் சட்டசபை விவாதத்தையும் எல்லோருக்கும் விளங்கச் சொல்லும் உரைநடை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த உரைநடை பண்டிதர் சபையில் உருவாகவில்லை. தந்தியில் வந்த ஆங்கிலச் செய்தியை இன்று மாலைக்குள் தமிழாக்க வேண்டும் என்ற நெருக்கடியில் உருவாயிற்று. 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழாக மலர்ந்தது. தமிழ் நாளிதழ் வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

எழுதியதை வாழ்ந்து காட்டியவர்

இப்போது நாம் சொல்லப்போவது, பெண்குழந்தைகளாகிய நம் அனைவர் நெஞ்சையும் தொடும் செய்தி.

அக்காலத்தில் பல குடும்பங்களில் சிறுமியர்க்கு விளையாட்டு வயதிலேயே மணம் முடித்தனர். கணவன் இறந்தால், வாழ்க்கை இன்னதென்றே அறியாத அச்சிறுமி ஆயுள் முழுதும் விதவையாக வாழ வேண்டும். பூவும் பொட்டும் இல்லை. நல்ல காரியங்களில் முகம் காட்டல் இல்லை. சில சாதியாரிடையே தலைமுடியையும் மழித்துவிடுவர். மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கம் வீட்டில் இருந்தது.

இக்கொடுமையை எதிர்த்துச் சுப்பிரமணிய ஐயர் தம் இதழில் எழுதினார். எழுதுவது எளிது என்று ஏளனம் செய்தோரும் இருந்திருப்பர். இந்நிலையில் அவருடைய மகளே இளம் பருவத்தில் கணவனை இழந்தார். ஊருக்கு உபதேசம் செய்தவர் என்ன செய்யப் போகிறார்? உறவினரும் ஊராரும் காத்திருந்தனர். 1889-ஆம் ஆண்டு பம்பாயில் காங்கிரசு மாநாடு கூடிய சமயத்தில், அந்நகரிலேயே தம் மகளுக்கு அவர் மறுமணம் செய்துவைத்தார்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. உறவினர் விலகினர், சாதியார் ஒதுக்கினர். பத்திரிகையின் வாசகர்களிலும் பழமையில் பற்றுடையோர் முகம் சுளித்தனர். சீர்திருத்தக் கட்டுரைகளின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கூட்டாளிகளுக்குத் தோன்றியது. இதனுடன் கடன் தொல்லையும் சேர்ந்தது. இருபது ஆண்டுகள் தோளோடு தோள் நின்று உழைத்த நண்பர் இருவரும் 1898-இல் பிரிந்தனர். 'தி ஹிந்து' வீரராகவாச்சாரியாரிடம் தங்கியது. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திர'னை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். பின்னர் 1905-இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் 'தி ஹிந்து'வை 75,000 ரூபாய்க்கு வாங்கினார்.

ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவில் தாம் தொடங்கிய இதழை ஒரு மனிதர் விட்டுச் செல்கிறார் என்றால், அதைவிடப் பெரியதாக எதையோ அவர் மதித்தார் என்பதே பொருள். இதழ் போயிற்று, சொல் தவறவில்லை. மகளின் வாழ்வு மலர்ந்தது.

பாரதியார் பயின்ற பட்டறை

தாம் கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பதே ஆசிரியரின் இயல்பு. பள்ளி வேலையை விட்ட பின்பும் சுப்பிரமணிய ஐயர் ஆசிரியராகவே இருந்தார். அவருடைய பத்திரிகை அலுவலகமே பள்ளிக்கூடமாயிற்று.

1904-ஆம் ஆண்டு மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஓர் இளைஞர் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். கவிபாடும் ஆற்றல் உடையவர்; ஆனால் பத்திரிகைத் தொழிலில் பழக்கமில்லாதவர். அவரை அவ்வாண்டு நவம்பரில் 'சுதேசமித்திர'னில் துணையாசிரியராக ஐயர் சேர்த்துக்கொண்டார். அவர்தாம் சுப்பிரமணிய பாரதியார்.

பாரதியாருக்குக் கிடைத்த முதல் வேலை கவிதை எழுதுவதன்று. ஆங்கிலத் தந்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது. நாள்தோறும், நேரம் தவறாமல், பொருள் பிறழாமல், படிப்பவருக்கு விளங்குமாறு தமிழாக்க வேண்டும். தலையங்கப் பொறுப்பு உடனே கொடுக்கப்படவில்லை. சுவைக்காத வேலை என்று ஒருவேளை நமக்குத் தோன்றும். ஆனால் உலகச் செய்திகள் எல்லாம் அவர் மேசையைக் கடந்து சென்றன. உருசிய சப்பானியப் போர், வங்காளப் பிரிவினை, சுதேசி இயக்கம் ஆகிய செய்திகளைத் தமிழில் சொல்லிச் சொல்லியே அவருடைய உரைநடை கூர்மை பெற்றது. பொறுமையாகத் திருத்திக் கொடுக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்தது அவருக்கு வாய்த்த பேறு.

1905-இல் 'சக்கரவர்த்தினி' என்னும் மகளிர் மாத இதழுக்கும் பாரதியார் ஆசிரியரானார். 1906-இல் 'இந்தியா' வார இதழின் பொறுப்பை ஏற்றார். ஐயரின் மிதமான போக்கு இளைய பாரதியாருக்குப் போதவில்லை. அவர் தம் வழியில் சென்றார். நல்ல பட்டறை தன்னிடம் பயின்றவரைக் கட்டிவைப்பதில்லை.

1908-இல் 'இந்தியா'வின் மீது அரசின் கை நீண்டது. பாரதியார், நம் ஊர்களுக்கு அண்மையிலுள்ள பிரெஞ்சுப் புதுச்சேரிக்குச் சென்றார். விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன; ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியிலோ பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அங்கே அச்சிடப்பட்ட 'இந்தியா' நம் மண்ணில் நுழையக் கூடாதென ஆங்கில அரசு தடைவிதித்தது. 1910-இல் அவ்விதழ் நின்றது. இன்று ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பேருந்தில் சென்று வருகிறோமே, அந்த எல்லையில் ஒரு காலத்தில் ஒரு வார இதழ் கள்ளக் கடத்தல் பொருளாகக் கருதப்பட்டது!

இறுதிக் காலம்

அதே 1908-ஆம் ஆண்டில் சுப்பிரமணிய ஐயரும் அரசுக்கு எதிராக எழுதினார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் 53 வயதினர், கடுமையாக நோயுற்றிருந்தார். பின்னர் விடுவிக்கப்பட்டார். எனினும் உடல் தேறவில்லை.

ஒரு பொருத்தத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1908-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைக் கலைக்கென ஒரு தனிப் பள்ளி திறக்கப்பட்டது. வகுப்பு தொடங்கிய நாளிலேயே அங்கு மாணவர்கள் ஒரு நாளிதழையும் தொடங்கினர். உண்மையான ஊரில், உண்மையான செய்தியைத் திரட்டி, உண்மையான வாசகருக்கு எழுதுவதே பாடமுறை. நம் திருவல்லிக்கேணி மாணவர்கள் பல்கலைக்கழகமோ பேராசிரியரோ இன்றி அவ்வழியில் இறங்கி அதற்குள் முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைக் கல்வி தொடங்கியது 1947-இல்தான்.

ஐயரின் உடலில் புண்கள் தோன்றி அவரை வாட்டின. நடமாட்டம் குறைந்தது, வந்து பார்ப்போரும் குறைந்தனர். 1915 ஏப்ரலில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய சில மாதங்களில் சென்னைக்கு வந்தார். நோயுற்றிருந்த ஐயரை அவர் சென்று கண்டார். தம் மேலாடையாலேயே அவருடைய புண்களைத் துடைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. நோயாளியின் அருகில் அமர்ந்து பணிசெய்வதன் அருமையை அருட்சகோதரியரிடம் நாள்தோறும் காணும் நமக்கு, அக்காட்சியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், தம் 61-ஆம் வயதில், சுப்பிரமணிய ஐயர் இயற்கை எய்தினார். அவர் வளர்த்த 'சுதேசமித்திரன்' அவருக்குப் பின் பல பத்தாண்டுகள் தமிழருக்குச் செய்தி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. 'தி ஹிந்து' இன்றும் வெளிவருகிறது.

நமக்கு என்ன?

அன்புத் தோழியரே! இவ்வரலாறு சென்னைக்கு மட்டும் உரியதா? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் படிக்கும் நமக்கு இதில் பங்கில்லையா? உண்டு.

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசைகளிலிருந்து இருப்புப் பாதைகள் வந்து கூடுகின்றன. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி எனப் பல ஊர்ச் செய்திகளும் பயணிகளோடு அங்கே வந்திறங்குகின்றன. திண்டிவனத்திலோ சென்னைச் சாலையும் புதுச்சேரிச் சாலையும் கூடுகின்றன. விற்பனைக் கூடத்தில் இன்று மல்லாட்டை மூட்டை என்ன விலைக்குப் போயிற்று? ஏரியில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது? கரும்பு வெட்டிய உழவருக்கு முண்டியம்பாக்கம் ஆலையிலிருந்து பணம் வந்ததா? மழைக்காலத்தில் எந்தத் தெருவில் மாணவியர் பள்ளிக்கு வர முடியவில்லை? இவையெல்லாம் செய்திகளே. இவற்றைத் தெரிந்துகொள்ளத் தொலைநோக்கி வேண்டாம். கண்ணும் காதும், ஒரு சிறு குறிப்பேடும் போதும்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சுவர் இதழ் தொடங்கலாம். ஒருத்தி நிருபராக இருந்து விசாரிக்கட்டும், ஒருத்தி எழுதட்டும், ஒருத்தி பிழை திருத்தட்டும், ஒருத்தி குறித்த நாளில் அதை ஒட்டும் பொறுப்பை ஏற்கட்டும். அடுத்த வாரம் வேலையை மாற்றிக்கொள்ளலாம். அப்போது கற்றுக்கொள்வோம்: ஒருவர் சொன்னதை மட்டும் நம்பாமல் இன்னொருவரையும் கேட்க வேண்டும், பெயரையும் எண்ணையும் இருமுறை சரிபார்க்க வேண்டும், நமக்குப் பிடிக்காதவர் செய்த நன்மையையும் மறைக்காமல் எழுத வேண்டும், குறித்த நாள் வந்துவிட்டால் இதழும் வந்துவிட வேண்டும். கைப்பேசியில் வரும் எதையும் படித்துப் பார்க்காமலே பிறருக்கு அனுப்பிவிடும் இக்காலத்தில், இப்பயிற்சி செய்தியாளராகப் போகிறவர்களுக்கு மட்டுமன்று, நம் எல்லோருக்கும் வேண்டியதே.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு இதென்ன வேலை என்று தயைகூர்ந்து கடிந்துகொள்ளாதீர்கள். கேட்டு எழுதப் பழகும் பெண், நாளை கேள்வி கேட்கத் தயங்க மாட்டாள். எழுதியதற்குப் பொறுப்பேற்கப் பழகும் பெண், நாளை சொன்ன சொல்லுக்கும் பொறுப்பேற்பாள்.

சுப்பிரமணிய ஐயர் நமக்கு விட்டுச் சென்ற பாடங்கள் மூன்று. வாய்ப்பு வரும்வரை காத்திராமல், கையிலுள்ள சிறு பொருளைக் கொண்டே தொடங்குதல். உடன் தொடங்கியவர்கள் விலகினாலும் தொடர்ந்து செய்தல். ஊருக்கு எழுதியதைத் தன் வீட்டிலும் நடத்திக் காட்டுதல். முதலாவது அரிது, இரண்டாவது அதனினும் அரிது, மூன்றாவதைச் செய்தவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் ஒருவராகத் திருவையாற்று ஆசிரியர் என்றும் நினைக்கப்படுவார்.

எண்பது பிரதிகள் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஒரு சுவரும் ஒரு தாளும் நமக்குப் போதும். தொடங்குவோம், தோழியரே!